யப்பான்காரர் வைத்த பந்தி

தவமணி: ...மெனுவைக் கொண்டுவரச் சொல்லன், மிதுனன்.

மிதுனன்: இஞ்சை மெனு இல்லை அம்மா. முன்னாலை நிண்டு சமைக்கிறவர் ஒவ்வொண்டா வைப்பார். நாங்கள் சாப்பிட வேண்டியதுதான்.

தவமணி: என்ன வேணுமெண்டு கேக்காமலோ?

துவாரகா: ஓம் அம்மா. யப்பான் பெரிய ரெஸ்ரோறன்ற் எல்லாம் இப்பிடித்தான். கலியாண வீட்டுப் பந்தி மாதிரி எண்டு நினையுங்கோவன்.

தவமணி: கலியாணப் பந்தியிலை சமைக்கிறவற்றை முகத்துக்கு முன்னாலையோ இருக்கிறது? கையை நீட்டினால் அவற்றை கத்தியிலை முட்டும்.

மிதுனன்: அதுதான் அம்மா இஞ்சத்தை விசேசம். ரொறன்ரோவிலை இந்த இடத்துக்குப் புக் பண்ணிப்போட்டு ஆக்கள் மாசக்கணக்கிலை காத்திருக்கினம். எனக்கு மிசிசாகா ஒஃபிசிலை புறமோஷன் கிடைச்சதுக்கு உங்களுக்கு ஒரு...

தவமணி: புறமோஷனுக்கு வீட்டிலை ஒரு ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சியிருப்பன்.

துவாரகா: ஐயோ, சாப்பிடுங்கோ அம்மா. வெள்ளை மீன், மேலை கொஞ்சம் இஞ்சி...

தவமணி: பச்சையோ?

துவாரகா: பச்சைதான். ஆனால் வாயிலை வைச்ச உடனை கரையுது... ம்ம்ம்!

தவமணி: நீ சாப்பிடு. எனக்கு வயிறு சரியில்லை.

மிதுனன்: வரேக்கை நல்லாத்தானே இருந்தது?

தவமணி: இப்ப சரியில்லை.

துவாரகா: அப்ப இந்தச் சூப்பைக் குடியுங்கோ. சுடச்சுட இருக்கு. இது பச்சை இல்லை.

தவமணி: வேண்டாம் பிள்ளை.

துவாரகா: தேத்தண்ணி?

தவமணி: அதுவும் வேண்டாம்.

மிதுனன்: ஒரு மிடறு தண்ணியெண்டாலும்...

தவமணி: வேண்டாம் எண்டால் விடன்ரா. ...உவர் ஏன் என்ரை சாப்பாட்டுக் கோப்பையையே பாக்கிறார்?

மிதுனன்: ஆர்? ...அவரோ? சமைச்சவரெல்லே, பாப்பார்தானே.

தவமணி: உங்கள் ரெண்டு பேற்றை கோப்பையையும் பாக்கேல்லையே.

துவாரகா: அம்மா, மெல்லமாக் கதையுங்கோ.

தவமணி: ஏன், அவருக்குத் தமிழ் விளங்குமோ?

துவாரகா: விளங்காது. எண்டாலும்...

தவமணி: என்ரை வயசுதான் இருக்கும். முடியெல்லாம் நரைச்சுப்போச்சு. கத்தியைக் கழுவித் துடைச்சு வைக்கிறதைப் பார், குழந்தைப் பிள்ளையைக் குளிப்பாட்டிக் கிடத்துற மாதிரி. வீட்டிலை மனிசி இல்லைப் போல.

துவாரகா: அம்மா!

தவமணி: சும்மா கேட்டனான். வாஷ்றூம் எந்தப் பக்கம்?

துவாரகா: அந்தத் திரைக்குப் பின்னாலை. நானும் வரட்டோ?

தவமணி: நான் என்ன சின்னப் பிள்ளையோ? இரு.

துவாரகா: ...அண்ணா, அம்மா போயிட்டா. இப்ப சொல்லு. எப்ப அவவுக்கு விசயத்தைச் சொல்லப்போறாய்?

மிதுனன்: கடைசிச் சாப்பாடு வரட்டும்.

துவாரகா: அதுக்கு முதல் யூக்கோவின்ரை அப்பாவுக்கு ஹார்ட் அற்றாக் வந்திடும். பாவமடா. அம்மா தொடாத கோப்பை ஒவ்வொண்டையும் குனிஞ்சு குனிஞ்சு எடுத்துக்கொண்டு போறார்.

மிதுனன்: எனக்குத் தெரியாதோ? வந்திருக்கிறது என்ரை அம்மா எண்டு யூக்கோ அவருக்குச் சொல்லிப்போட்டாள். அவர் தன்ரை மகளைத் தரச் சம்மதிச்சிட்டார். அம்மாவுக்குத்தான் ஒண்டும் தெரியாது.

துவாரகா: அதுசரி, மாட்டிறைச்சி ஒண்டும் வரேல்லை. அம்மா தின்னமாட்டா எண்டு நீ சொன்னனியோ?

மிதுனன்: இல்லையே... யூக்கோ ஆரிட்டையும் விசாரிச்சிருப்பாள்.

துவாரகா: ஞாயிற்றுக்கிழமை பிக்கரிங்கிலை அருள்நாயகம் அங்கிள் வீட்டுக்குப் பொம்பிளை பாக்கப் போகவேணும். இந்தத் தொண்ணூற்றேழாம் ஆண்டிலையும் வடை கேசரியோடை காத்துக்கொண்டிருக்கினம். இண்டைக்குச் சொல்லாட்டி நீ முடிஞ்சாய்.

மிதுனன்: யூக்கோ இல்லாமல் என்னாலை ஏலாது, துவாரகா. ஆனால் அப்பா செத்தாப்பிறகு பார்க்டேலிலை ஒத்தை அறையிலை வைச்சு எங்களை வளத்த மனிசி. அவவின்ரை மனத்தை முறிச்சுப்போட்டுத் தாலி கட்டவும் ஏலாது. முதல் அந்த மனுசனைப் பாக்கட்டும், அவற்றை கையாலை நல்ல சாப்பாடு சாப்பிடட்டும், மனம் இளகினாப்பிறகு சொல்லுவம் எண்டு நினைச்சன்.

துவாரகா: யாழ்ப்பாணத்து அம்மாவைப் பச்சை மீனாலை இளக்கப் பாத்த முதல் ஆள் நீதானடா!

மிதுனன்: ஸ்ஸ்... வாறா.

தவமணி: என்ன ரெண்டு பேரும் குசுகுசுக்கிறியள்?

துவாரகா: ஒண்டுமில்லை. சாப்பாடு நல்லாயிருக்காம், அண்ணா சொல்லுறான்.

மிதுனன்: அம்மா, இந்தாங்கோ, இது சோறு. ஒரு சின்னப் பிடி. மேலை மீன் துண்டு. ஒண்டே ஒண்டு... எனக்காக.

தவமணி: உந்தக் குச்சியாலை எனக்குச் சாப்பிடத் தெரியாது.

துவாரகா: அம்மா, அங்கை பாருங்கோ. உங்கடை குச்சியை எடுத்து அங்காலை வைச்சிட்டார்.

மிதுனன்: தனக்கும் ஒரு பிடி பிடிக்கிறார்...

துவாரகா: வேலை நேரத்திலை இப்பிடி முன்னாலை நிண்டு சாப்பிடமாட்டினமே!

தவமணி: கையாலையெல்லே சாப்பிடுறார்.

மிதுனன்: ஓம் அம்மா. இதைக் கையாலை சாப்பிடலாமாம். உங்களுக்குக் காட்டுறார். நீங்கள் வெக்கப்படக்கூடாதெண்டு.

தவமணி: ...மனுசனுக்குக் கை நடுங்குது.

மிதுனன்: ம்.

தவமணி: இவ்வளவு நேரமும் கத்தி பிடிச்ச கை நடுங்கேல்லை. ஒரு வாய் சோத்தை வைச்சிட்டு நடுங்குது.

துவாரகா: அம்மா... உங்களுக்கேன் கண் கலங்குது?

தவமணி: நீங்கள் மீனிலை பூசிச் சாப்பிடுற உந்தப் பச்சை நிற உறைப்பு கண்ணிலை அடிக்குது.

மிதுனன்: உங்கடை கோப்பையிலை அது இல்லையே.

தவமணி: வாயைப் பொத்து. கோப்பையைக் கிட்டத் தள்ளு.

துவாரகா: அண்ணா... சாப்பிடுறா! கையாலை எடுத்துச் சாப்பிடுறா!

மிதுனன்: எப்பிடி அம்மா?

தவமணி: பொறு, விழுங்கட்டும். ...புளிக்குது. உறைப்புக் காணாது. ஆனால் சோறு நல்ல பதம். இன்னொண்டு வைக்கச் சொல்லு.

துவாரகா: அங்கை பாருங்கோ, மனுசன் திரும்பி நிண்டு கண்ணைத் துடைக்கிறார். ...அண்ணா, சொல்லு. இப்பவே சொல்லு.

மிதுனன்: அம்மா... நான் உங்களுக்கு ஒரு விசயத்தை ஒளிச்சுப்போட்டன். கோவிக்காதேங்கோ. எனக்கு ஒரு பிள்ளையைப் பிடிச்சிருக்கு. யூக்கோ எண்டு பேர். இவர்... இவர் அவளின்ரை அப்பா. வயித்துக்கு ஏலாத நேரத்திலை இதைச் சொல்லுறன்...

தவமணி: என்ரை வயித்துக்கு ஒண்டுமில்லையடா. போன கிழமை நீ வேலைக்குப் போனாப்பிறகு அந்தப் பிள்ளை போன் எடுத்து உங்கடை விசயத்தைச் சொல்லிச்சு. "அன்ரி, நீங்கள் என்ன சாப்பிடமாட்டியள், அப்பா கேக்கச் சொன்னவர்" எண்டுது. தாய் இல்லாத பிள்ளையாம். அண்டையிலையிருந்து எனக்கு நித்திரை இல்லை. ஏலாது எண்டு சொல்லத்தான் இண்டைக்கு வெளிக்கிட்டு வந்தனான். ஆளைப் பாக்காமல், மனத்துக்குப் பிடிக்காமல், சம்பந்தம் பேச வந்த இடத்திலை நான் கை நனைப்பனோ? இப்ப நனைச்சிட்டன். சம்பந்தியிட்டைச் சொல்லு, திருப்பிக் கொண்டுபோனதெல்லாத்தையும் கொண்டுவரட்டாம்... எனக்கு நல்லாப் பசிக்குது.