மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி

கணினியிடம் எனக்குப் பிடித்ததே, கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுக்கும் என்பதுதான், ஐயா. நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் எல்லாக் கணினியும் என் பொறுப்பு.

நோயாளிகளின் விவரங்களை அட்டவணையாகப் போட்டு வைக்கும் ஆபீஸ் மென்பொருளின் சந்தா ஏறியதும், எங்கள் கணக்கர் இலவசமாகக் கிடைக்கிற ஒன்றைத் தேடிப்பிடித்து வந்தார். பழைய கோப்புகள் அதில் சரியாக வராது என்றேன். அவர் எல்லோர் முன்னாலும் ஒரு கோப்பைத் திறந்து காட்டி, "தெறக்குதே தம்பி. இவ்வளவு நாளா தண்டம் அழுதிருக்கோம்" என்றார். கூட்டமே சிரித்தது. அது எனக்குத் தைத்துவிட்டது.

வார்டுக்குப் புதியது வந்தது. நோயாளியைச் சேர்க்கும் மேஜையில் மட்டும் சந்தா முடியாததால் பழையதே இருந்தது. எங்கள் நர்சுகளுக்கு ஒரு பழக்கம். ஒத்துக்கொள்ளாத மருந்தைத் தனிக் கட்டத்தில் எழுத மாட்டார்கள். நோயாளியின் பெயர்மேல் குறிப்பாகச் செருகிவிடுவார்கள். மூலையில் சிவப்புப் புள்ளி தெரியும், தொட்டால் குறிப்பு விரியும். புதியதில் அந்தப் புள்ளி வரவில்லை. முதல் நாளே பார்த்துவிட்டேன். வாயைத் திறக்கவில்லை. சின்னதாக ஒரு தப்பு நடந்தால் தானாக வழிக்கு வருவார்கள் என்று இருந்தேன்.

அந்த வாரம் என் தங்கச்சிக்குக் காய்ச்சல். நான்தான் கூட்டிவந்தேன். சின்ன வயதில் பென்சிலின் போட்டு அவளுக்கு உடம்பெல்லாம் தடித்தது, மறுநாளே அடங்கிவிட்டது. அதை மேஜையில் சொன்னேன். அங்கிருந்த நர்ஸ் வழக்கம்போல் குறிப்பாகச் செருகினாள். அந்தச் சின்னத் தப்பு யார் பெற்ற பிள்ளைக்கோ வருவதைவிட இவளுக்கு வந்தால் நான் பக்கத்திலேயே இருப்பேனே என்று நினைத்தேன். அதில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் இப்போதும் படுகிறது.

"நீ இங்க இருக்கறதால எனக்கு பயமே இல்லண்ணா" என்றாள்.

வார்டில் பென்சிலின் ஊசி போடும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தடிப்பு வருகிறதா என்று தோலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தடிப்பு வரவில்லை. மூச்சுதான் நின்றது. அம்மா போனபிறகு நான் தலைவாரிவிட்டு வளர்த்த பிள்ளை, ஐயா. வீட்டில் அவள் சீப்பை எடுத்து வைக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

வார்டு நர்சை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். கோப்பைப் பார்க்காமல் ஊசி போட்டாளாம். அவள் பார்த்தாள். அதைச் சொல்லத்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

கணக்கர் அழுதபடியே எல்லா மேஜைக்கும் பழைய மென்பொருளை வாங்கிக் கொடுத்துவிட்டார். வார்டில் அதைப் போட்டு, சேர்க்கும் மேஜையிலிருந்த தங்கச்சியின் கோப்பைத் திறந்தேன். பெயரின் மூலையில் சிவப்புப் புள்ளி. தொட்டேன். "பென்சிலின் ஆகாது. அண்ணன் சொன்னார்."

பாருங்கள் ஐயா, நான் சொல்லியிருக்கிறேன்.