பூ விழ எடுத்த நேரம்

எனக்கு ஆடு வரைய வராது. நான் வரைந்த ஆட்டைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா, "எருமக் கன்னு நல்லா இருக்குது சாமி" என்றார். நான் மறுக்கவில்லை. அன்றைக்கு நோட்டில் தேதி போட்டு, "ஆடு: தோல்வி. எருமை: தற்செயல்" என்று எழுதிவைத்தேன். நடந்ததை நடந்தபடி எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. இதையும் அப்படித்தான் எழுதுகிறேன்.

தமிழினி அக்கா என் பெரியப்பா தங்கசாமியின் மகள். மல்லசமுத்திரத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு குச்சிக்கிழங்குக் காடு மட்டும்தான். வாரத்தில் மூன்று நாள் இருவரும் பஸ் ஏறிச் சேலத்துக்கு மாலை வகுப்புக்குப் போவோம். அனிமேஷனும் திரைக்கதையும் சேர்ந்த வகுப்பு. தீனதயாளன் சார் நடத்தினார். முதல் ஆறு மாதம் கம்ப்யூட்டரைத் தொடவிடமாட்டார். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை, அதன்மேல் காகிதம், பென்சில். ஒரு நொடி அசைவுக்குப் பன்னிரண்டு படம்.

இந்த வேலையில் ஒருவர் முக்கியமான நிலைகளை வரைவார். ஆடு நிற்கிறது, ஆடு பாய்ந்துவிட்டது என்பது போல. அவற்றை நாங்கள் தலைப்படம் என்போம். இன்னொருவர் அவற்றுக்கு நடுவில் வருபவற்றை வரைவார். அது இடைப்படம். அக்கா தலைப்படம், நான் இடைப்படம். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் இருந்துவிட்டால் நடுவில் என்ன வரவேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். முன்னால் எதுவும் இல்லையென்றால் எருமைக் கன்று வரும்.

லாரியில் ஏற மறுக்கும் மேச்சேரி ஆட்டைப் பற்றி ஒன்றரை நிமிடப் படம் ஒன்றைச் செய்தோம். சார் அதை ஐதராபாத்தில் ஒரு ஸ்டுடியோவுக்கு அனுப்பினார். பயிற்சிக்கு வந்து சேரும்படி அக்காவுக்குப் பதில் வந்தது. ஒரே ஓர் இடம்தான் இருந்தது. படத்தின் முடிவில் என் பெயரும் வந்தது, எழுத்துப்பிழை இல்லாமல். அவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

பெரியப்பா அன்றிரவு சாப்பிடாமல் இரண்டு முறை கை கழுவினார்.

"ஐதராபாத்துன்னா பக்கத்துலயா இருக்குது?" என்றார்.

"பள்ளிபாளையத்துக்கு லூம் ஓட்டப் போறேன்னா மட்டும் உட்டுருவீங்களாப்பா?" என்றாள் அக்கா.

"நான் வேண்டாங்கல கண்ணு. வெள்ளிக்கெழம அம்மங்கிட்டப் பூக் கேட்டுப்போட்டு அனுப்பறன். சாமி சரின்னா நான் யாரு தடுக்கறதுக்கு?"

எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதுவானாலும் குலசாமியிடம் பூக் கேட்பார்கள். அம்மனின் இரண்டு தோளிலும் ஒவ்வொரு பூவை ஒட்டிவைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அம்மனின் வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் இல்லை. அதற்குமேல் அப்பீல் கிடையாது. பெரியப்பா கிணறு வெட்டியதும் இப்படித்தான். தண்ணீர் வரவில்லை. ஆனாலும் பூ தவறியதாக யாரும் சொல்லவில்லை, இடம் காட்டியவரைத்தான் சொன்னார்கள்.

அந்த வாரம் வகுப்பில் சஸ்பென்ஸ் பாடம். "கட்டிலுக்கு அடியிலருந்து திடீர்னு பாம்பு வந்தா ஒரு தடவ கத்துவான், அவ்வளவுதான்" என்றார் சார். "பாம்பு இருக்குன்னு முதல்லயே காட்டிடு. அப்புறம் கட்டில்ல உக்காந்திருக்கவன நிதானமா வெத்தல போட விடு. பாக்கறவன் மூச்சு விட மாட்டான்."

"வெத்தல போட்டு முடிச்சா என்னங்க சார் ஆகும்?" என்றாள் அக்கா.

"முடிக்க விடாத. அதுதான் பாடம்."

சஸ்பென்ஸ் என்பதும் ஒருவகை இடைப்படம்தான் என்று நோட்டில் எழுதினேன். எனக்கு வரக்கூடியது. இந்த எண்ணம் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்கு வந்து ஆட்டுக்கல்லில் பரிசோதனை செய்தேன். வெள்ளை அரளிப் பூ, பதினொரு தடவை. வெறும் தண்ணீரில் ஒட்டினால் ஈரம் காய்ந்து ஏழிலிருந்து பத்து நிமிடத்துக்குள் விழுகிறது. கெட்டிச் சந்தனத்தில் ஒட்டினால் ஒரு மணி நேரம் கடந்தும் அப்படியே இருக்கிறது. அம்மா, "மாவாட்டற கல்லுல என்னடா பூச?" என்று கேட்டார். வகுப்பு வேலை என்றேன். அது பொய் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

பூசாரி சடையன் தாத்தாவுக்கு அந்தத் திங்கட்கிழமைதான் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்கு என் வண்டியில் நான்தான் அழைத்துப்போனேன். குனியக்கூடாது, கண்ணில் தூசி படக்கூடாது என்று டாக்டர் சொன்னதை நோட்டில் குறித்துக்கொண்டதும் நான்தான். உதவி செய்யும்போது முழுதாகச் செய்ய வேண்டும்.

இன்னொரு பாடமும் எனக்குப் பயன்பட்டது. ஆடு முன்னால் பாயவேண்டுமானால் முதலில் உடம்பு பின்னால் அமுங்க வேண்டும். அப்போதுதான் பாய்ச்சலைக் கண் நம்பும். அதனால் வியாழக்கிழமை பெரியப்பாவிடம் போய் அக்காவுக்காகப் பேசினேன். அக்காவின் கை யாருக்கும் வராது, அனுப்பாமல் இருந்தால் பாவம் என்றேன். உணர்ச்சியோடு பேசினேன். அக்கா கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். சர்க்கரை சற்று அதிகம்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் ஐந்து பேர். பெரியப்பா, பெரியம்மா, அக்கா, பூசாரி, நான். பூசாரி பச்சைத் துணி தொங்கிய கண்ணோடு மணியை எடுத்துக்கொண்டார். "நீயே ஒட்டு சாமி. குனிஞ்சா டாக்டரம்மா வையும்" என்றார்.

ஒட்டினேன். அம்மனின் வலது தோளில் சந்தனம். இடது தோளில் தண்ணீர்.

பிறகு பார்வையாளன் நான் ஒருவன்தான். மற்ற நால்வரும் சார் சொன்ன பாம்புக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நிமிடம் இடப்பக்கப் பூ லேசாகச் சாய்ந்து நின்றது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. நன்றாக இருந்தது. எட்டு நிமிடம் நாற்பது நொடியில் விழுந்தது. விழும்போது எல்லோரும் பூவைப் பார்த்தார்கள். எனக்கு அதன் முடிவு தெரியும் என்பதால் அக்காவைப் பார்த்தேன். முகம் மாறும் கணத்தைக் கவனியுங்கள், அதுதான் தலைப்படம் என்று சார் சொல்லியிருந்தார்.

"ஆத்தா வேண்டாங்குது கண்ணு" என்றார் பெரியப்பா. அவர் குரலில் துக்கமும் இருந்தது, கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

அக்கா அழவில்லை. வலது தோளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கிளம்பிய பிறகும் அது விழவில்லை.

ஏன் செய்தேன் என்பதற்கு நோட்டில் காரணங்கள் இருக்கின்றன. அக்காவுக்குத் தெலுங்கு தெரியாது. அக்காவுக்கு அரிசிச் சோறு நேரத்துக்கு வேண்டும். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. கடைசிக் காரணத்தை எழுதி அடித்திருக்கிறேன். அடித்ததற்கு அடியில் படிக்க முடிகிறது: அக்கா போய்விட்டால் நான் யாருக்கு நடுவில் வரைவது?

அந்த இடம் காலியாகப் போகக்கூடாது என்று சார் நினைத்தார். "நீயாவது போறியா ஜெகதீஸ்வரா?" என்று கேட்டார். இரண்டு நாள் யோசித்தேன். எனக்குத் தகுதி உண்டா என்ற சந்தேகம் உண்மையாகவே இருந்தது. எனக்கும் பூக் கேட்க வேண்டுமா என்று அம்மா கேட்டபோது பெரியப்பாதான், "ஆம்பளப் பையனுக்கு எதுக்குப் பூ?" என்றார்.

அக்கா பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். ஆட்டுப் படத்தின் தலைப்படங்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக் கொடுத்தாள். "உனக்குத்தான் ஆடு வராதேடா. வெச்சுக்க" என்றாள்.

ஐதராபாத்தில், ஆட்டுப் படத்தைப் பார்த்திராத குழுவிடம் அவற்றைக் காட்டினேன். யார் வரைந்தது என்று கேட்டார்கள். நான் என்றேன்.

பிறகு புதிய படங்கள் கேட்டார்கள். நான் அக்காவிடம் கேட்டேன். ஆபீஸில் வேலை அதிகம், கொஞ்சம் உதவி செய் என்றேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரைந்து போனில் படம் எடுத்து அனுப்புவாள். ஏழு மாதமாக இது ஒழுங்காக நடக்கிறது. ஊரில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். ராசிபுரத்துப் பையன். அதற்கும் பூக் கேட்டார்களாம், வலப்பக்கம் விழுந்ததாம். அதில் எனக்குச் சம்பந்தம் இல்லை.

போன வாரம் எங்கள் குழுத் தலைவர் அகல்யா மேடம், ஆளுக்கு ஒரு சஸ்பென்ஸ் காட்சி கேட்டார். தர்மபுரிக்காரர், தமிழில்தான் பேசுவார். நல்லதாக வந்தால் எனக்கு வேலை நிரந்தரம் என்றார். அக்காவிடம் சொன்னேன். அவள் இரண்டே படங்கள் அனுப்பினாள்.

முதல் படத்தில் அம்மன் சிலையின் இரண்டு தோள்கள், இரண்டு பூக்கள், விலகும் ஒரு கை. வலப்பூவின் அடியில் தடித்த சந்தனம். இடப்பூவின் அடியில் ஒரு துளி தண்ணீர். கடைசிப் படத்தில் தரையில் பூ கிடக்கிறது. அக்கா நின்ற இடத்திலிருந்து பார்த்தபடி நான்கு பேர் நிற்கிறார்கள். மூவர் பூவைப் பார்க்கிறார்கள். ஒருவன் மட்டும் நேராக நம்மைப் பார்க்கிறான். கீழே எழுதியிருந்தாள்: "நடுவுல வர்றத நீயே போட்டுக்க தம்பி. உனக்குத்தான் தெரியும்."

என் இடைப்படங்கள்மேல் அவளுக்கு இன்னும் நம்பிக்கை இருப்பது எனக்கு நிறைவாக இருந்தது.

எட்டு நிமிடம் நாற்பது நொடியை இருபது நொடியாகச் சுருக்கினேன். பூ ஒருமுறை சாய்ந்து நிற்பதையும் சேர்த்தேன். அகல்யா மேடம் இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். மூன்றாம் தடவை கடைசிப் படத்தில் நிறுத்தினார்.

"எல்லாம் சரி. இவன் மட்டும் ஏன் பூவப் பாக்காம நம்மளப் பாக்கறான்? இவன்தான் பண்ணினானா?"

"இல்லீங்க மேடம். அது வரைஞ்சதுல வந்த தப்பு. திருத்திர்றேன்."

பெரிய வேலை இல்லை. நான்கு இடைப்படங்களில் அந்த முகத்தைப் பூவின் பக்கம் திருப்பிவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால், முதலிலிருந்தே அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தான் என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். எனக்கே அப்படித்தான் தெரிகிறது.