வைக்கோல் மெத்தை

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருந்தது. கும்பகோணம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் இளம் தாயும் அவள் மூத்த நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னைக்குத்தான் எங்க குழந்தை இயேசுவுக்கு மெத்தை கெடைச்சுது, அண்ணி."

காற்றுச் சத்தத்தில் மீதி கேட்காமல் போய்விடுமோ என்று ஜன்னலை மூடினேன். அவள் பேசிக்கொண்டு வந்த பாப்பாவைப் போல எனக்கும் வீட்டில் நான்கு வயது மகள்.

"பொறக்கறதுக்கு முன்னாடியே மெத்தையா?"

"ஒரு எழுத்து படிச்சா குடில்ல ஒரு வைக்கோல் வைக்கலாம்னு பாப்பாகிட்ட சொல்லியிருந்தேன். நேத்து வரைக்கும் நாலே நாலு."

"ஸ்கூல்ல சேத்திருக்கணும். வீட்லயே வெச்சுக்கிட்டு நீ பெரிய டீச்சர்."

"குவைத்லேர்ந்து அவரும் அதேதான் சொல்றாரு. எனக்கும் பயந்தான், அண்ணி. நேத்து பொறுமையில்லாம அடிச்சிட்டேன். காலையில பாத்தா குடில் நெறைய வைக்கோல். ஏமாத்துறியான்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"'நாலுதாம்மா என்னோடது. மத்ததெல்லாம் நீ சொல்லிக்குடுத்ததுக்கு'ங்கிறா. அப்படியே கட்டிப்புடிச்சிக்கிட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்."

பாபநாசம் தாண்டும்போது நாத்தனார் அவள் பக்கம் திரும்பினாள்.

"சரி, ஜூன் வரைக்கும் நீயே சொல்லிக்குடு. தம்பி போன் பண்ணினா நான் பேசிக்கிறேன். ஆனா கைய மட்டும் நீட்டாத."