வல்லத்துப் பெட்டியில் இருபது குப்பி

என் அறை ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலை தெரியும். வெயில் காலத்தில் பாறைச் சூடு உள்ளே வருமென்று பெரும்பாலும் மூடியே வைத்திருப்பேன். அன்று மதியமும் அப்படித்தான். விசாரிக்க வந்த நீங்கள் கேட்டதால் வரிசையாகவே சொல்கிறேன்.

எங்கள் அறக்கட்டளைக்கு வல்லம், அனந்தபுரம், மேல்சித்தாமூர் மூன்றிலும் கிளினிக் உண்டு. மூன்றுக்கும் சேர்த்துப் பாம்புக்கடி மருந்து முப்பது குப்பிதான் கிடைக்கும். ஒரு கடிக்குப் பத்துக் குப்பியாவது வேண்டும். அடுத்த கடி எந்த ஊரில் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததை வைத்துக்கொண்டு சரியாக முடிவெடுக்க ஒரு புரோகிராம் எழுதினேன். இரண்டு வருடப் பதிவேடுகளைப் படித்துவிட்டு அது வல்லத்துக்கு இருபது, மேல்சித்தாமூருக்குப் பத்து, அனந்தபுரத்துக்கு ஒன்றுமில்லை என்றது.

அனந்தபுரம் நர்ஸ் கலைமதி போன் செய்தாள்.

"அண்ணா, எங்க ஊர்ப் பாம்புங்களுக்கு லீவு குடுத்துட்டீங்களா?"

"உன் பதிவில் ஒரு கடிகூட இல்லையே."

"எப்படி இருக்கும்? எங்க ஃப்ரிட்ஜ் கெட்டுப்போயி ரெண்டு வருசம் ஆவுது. எங்க மருந்தும் வல்லத்து நர்ஸ் மாஹிரா அக்காகிட்டதான் இருக்குது. ஆள் வந்தா போன் பண்ணுவேன், அவங்க வூட்டுக்காரரு பைக்ல கொண்டாந்து குடுப்பாரு. எல்லாம் வல்லத்து நோட்டுலதான் ஏறும். நீங்க நோட்டப் பாத்தீங்க, ஊரப் பாக்கல."

அவள் சொன்னது உண்மை. அன்றே தெரிந்துகொண்டேன். ஆனால் பதிவைத் திருத்தினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். புரோகிராம் சொல்வதை மட்டும் பின்பற்றும் நாற்பது நாள் சோதனை தொடங்கியாகிவிட்டது. அது முடிந்ததும் இருபது ஊர்களுக்கு விரிவாக்கலாம் என்று தலைவர் பீமாராவ் சொல்லியிருந்தார். இருபது ஊர் என்றால் எத்தனை உயிர் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அதனால் ஒன்று மட்டும் செய்தேன். புரோகிராமுக்குத் தெரியாமல் மருந்து ஊர் மாறக் கூடாதென்று பெட்டிகளுக்கு எண் பூட்டு போட்டேன். உள்ளூர் நோயாளிக்கு நர்ஸே திறக்கலாம். வெளியூருக்கு அனுப்ப வேண்டுமானால் புரோகிராம் எண் தர வேண்டும். அது மறுத்தால் நான் தரலாம்.

முப்பத்தெட்டாவது நாள், மூன்று மணி. அனந்தபுரத்தில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த ராஜாம்பாளைப் பாம்பு கடித்தது. கலைமதி மருந்து கேட்டுப் பதிவு செய்தாள். புரோகிராம் மறுத்தது. அனந்தபுரத்தில் கடியே நடந்ததில்லை என்பதால், இது விஷக்கடியாக இருக்க நூற்றில் இரண்டு வாய்ப்புதான் என்று காட்டியது. தண்ணீர்ப்பாம்பாக இருக்கலாம், வெறும் பயமாக இருக்கலாம். தனக்குக் கொடுத்த பதிவை வைத்துப் பார்த்தால் அது சொன்னதில் தவறே இல்லை.

வல்லத்திலிருந்து மாஹிரா அழைத்தாள். "சார், நம்பர் சொல்லுங்க. இவரு வண்டிய ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காரு. இருவத்தஞ்சு நிமிசத்துல போயிருவாரு."

"வல்லத்தில் யாருக்காவது கடித்தால்?"

"இங்க இருவது கெடக்குது சார். பத்து போனாலும் பத்து இருக்கும்."

"ரெண்டு பேருக்குக் கடித்தால்?"

"இன்னா சார் பேசுறீங்க? கடிபட்டவ அங்க படுத்திருக்கா. நீங்க கடிபடாதவங்களுக்கு மருந்து எடுத்து வைக்கிறீங்க."

பிறகு கலைமதி. "அண்ணா, இமை தொங்குது. பேச்சு குழறுது. நான் கூடவே இருக்கேன், பயம் இல்ல இது. நம்பரச் சொல்லுண்ணா."

எண் என் முன்னால் திரையில் இருந்தது. நான்கு இலக்கம். சொன்னால் அது புரோகிராமின் முடிவாக இருக்காது, என்னுடையதாகிவிடும், சோதனை கெட்டுவிடும். பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு அவள் அழைத்தபோதெல்லாம் போனை எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு ஷேர் ஆட்டோவில் செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

விஷக்கடி என்று எனக்குத் தெரியும். எண்ணைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள் என்பதும் தெரியும். சொல்லாமல் இருந்தது நான்தான். இதை நான் மறைக்கவில்லை. வல்லத்தில் அன்று யாரையும் பாம்பு கடிக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் அனந்தபுரத்துக்காரர்கள் கலைமதியிடம் போவதில்லை. கடித்தால் மந்திரிப்பவரிடம் போகிறார்களாம். மூன்று மாதமாக அங்கிருந்து யாரும் மருந்து கேட்கவில்லை. புரோகிராமை நேற்றும் ஓட்டிப் பார்த்தேன். அனந்தபுரத்துக்குத் தேவை பூஜ்யம் என்கிறது. கலைமதியின் நோட்டும் பூஜ்யம் என்கிறது. முன்பு பொய்யாக இருந்த பதிவு இப்போது உண்மையாகிவிட்டது. இதில் எந்த இடத்தில் நான் தவறாகக் கணித்தேன் என்று நீங்கள் காட்டினால், திருத்திவிடுகிறேன்.