இனித்தால் ஓட்டை

முகமூடி சோதித்தவன் சுத்த மடையன். இந்த ஐரோப்பிய ஊரின் ஒரேத்தோ வீதி பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த இரண்டு யாழ்ப்பாணத்தார் கதைத்ததைக் கேட்டுத்தான் சொல்கிறேன். இளையவருக்கு நாளை முதல் பெயின்ற் தெளிக்கும் வேலை; அதற்கான முகமூடி காற்றுப் புகாமல் பொருந்துகிறதா என்று இன்று சோதித்திருக்கிறார்கள்.

"முகமூடி போட்டுவிட்டு, முகத்தைச் சுத்தி இனிப்புத் தண்ணியை விசிறினான், அண்ணை. இனிக்குதோ எண்டு கேட்டான்."

"இனிச்சதோ?"

"பாயாசம் மாதிரி! ஓம் எண்டு தலையாட்டினன்."

"எப்பிடி?"

இளையவர் நம்மூர் வழக்கப்படி தலையை இடமும் வலமும் ஆட்டிக் காட்டினார்.

"ஐயோ, இஞ்சை அது இல்லை எண்டெல்லோ! இனிச்சால் முகமூடிக்குள்ளை காத்துப் போகுது. பெயின்ற் முழுக்க உன்ரை நெஞ்சுக்குள்ளைதான்!"

"அதுதான் 'பிராவோ' எண்டு கைகுடுத்தவன்!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு மூத்தவர் எழுந்து நின்றார்.

"நாளைக்கு எல்லாருக்கும் முன்னாலை திரும்பச் சோதிக்கச் சொல்லு. இப்பவே பழகு. தலையை ஆட்டாதை, பஸ் முழுக்கக் கேக்க வாயாலை சொல்லு: இனிச்சதோ, இல்லையோ?"