அட்டவணையில் வராத பதில்

பட்டர்வொர்த்திலிருந்து எதிரே உள்ள தீவுக்குக் கிளம்பிய ஃபெர்ரியில் என் முன் இருக்கையில் அக்காளும் தங்கையும். அக்காள் மேல் தொழிற்சாலைச் சீருடை, தங்கை மடியில் லேப்டாப்.

"உன் ஆராய்ச்சியில என்னையக் காணோமே லா?" என்றாள் அக்காள். "ஊர்லயே இருப்பேன், கோலாலம்பூர் போவேன், சிங்கப்பூர் போவேன்னு ஃபாரத்துல மூணு பதில் கொடுத்திருந்த. நான் ஊர்லயேன்னு டிக் பண்ணேன். இந்த டேபிள்ல மத்த ரெண்டுதான் இருக்கு."

"சாஃப்ட்வேர் அப்படித்தான்க்கா. ஒரு பதிலை அடிப்படையா வச்சுக்கும். அதுக்குத் தனியா நம்பர் வராது. மத்த ரெண்டையும் அதோட ஒப்பிட்டுத்தான் பார்க்கும்."

"அப்ப அடிப்படை நாங்கதானா?"

"நீங்கதான்."

அக்காள் வெளியே பார்த்தாள். வெயிலில் கடல் அசையாமல் கிடந்தது. கரைதான் மெல்ல விலகிக்கொண்டிருந்தது.

"நீ ஃபாரம் நிரப்பியிருந்தா எதுல டிக் பண்ணியிருப்ப?"

தங்கை லேப்டாப்பை மூடினாள்.

"சிங்கப்பூர்க்கா. வேலை கிடைச்சிருச்சு."

ஃபெர்ரி தீவை நெருங்கியது. எல்லோரும் எழுந்தபோது அக்காள் தங்கையின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சரி, போ லா. நீ எவ்வளவு தூரம் போயிருக்கன்னு பார்க்க ஒருத்தி இங்க இருக்கணும்ல."