ஏற்றத்தில் கேட்ட விசில்

என்னை ஊரில் புகை மாமா என்பார்கள். வயது ஐம்பத்தெட்டு. தொழில் டிராக்டர் ஓட்டுவது. வீடு ஏற்றத் தெருவின் அடிமுனை. என் வண்டியில் இருப்பது டர்போ இல்லாத சாதா டீசல் எஞ்சின். அது விடும் புகையைப் பார்த்து, மழை வருகிறதென்று மூன்று ஊர்க்காரர்கள் கொடியில் காய்ந்த துணியை எடுத்திருக்கிறார்கள். ஆனாலும் என்னைப் போலவே யோக்கியமான வண்டி, ஒருநாளும் விசிலடித்ததில்லை.

இந்தப் புகாரில் எதிரியாகச் சொல்லப்பட்டவன் என் அக்கா மகன். அடுத்த வாரம் அவனுக்குக் கல்யாணம். அவன் டர்போ வைத்த சின்ன டிராக்டர் வாங்கியபோது நான், "எஞ்சினுக்கு எதுக்குடா விசிறி? காத்து வேணும்னா அதுவே இழுத்துக்கும்" என்றேன். அவன், "உங்க வண்டி மூச்சு வாங்குது மாமா, என் வண்டிக்கு மூச்சு ஊட்டி விடுறாங்க" என்றான். அதன் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு, ஏற்றத்தின் உச்சியில் கடை வைத்திருக்கும் தையல்காரம்மா, தன் கடையைத் தாண்டும்போதெல்லாம் அவன் விசிலடிப்பதாகப் புகார் கொடுத்தார். புகார் பொய்யென்று தெரியாவிட்டால் கல்யாணம் இல்லை என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். அக்கா என் வாசலில் நின்று, "அவனுக்கு விசிலே வராதேடா, பல்லுச் சந்துல வெறும் காத்துதானே வரும்!" என்று அழுதார்.

அதன் பிறகு நான் காவல் நிலையத்துக்கு வந்து, வாய் வலிக்கத் திட்டிய டர்போவுக்கே சாட்சி சொன்னேன். வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு குட்டிச் சக்கரம் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிறது, பாரம் இழுக்கும்போது அதுதான் விசிலடிக்கிறது என்றேன். இன்ஸ்பெக்டர் ஐயா நிலைய வாசலில் நின்ற அவன் வண்டியைக் கிளப்பிக் கேட்டுவிட்டு, "எங்கய்யா விசில்? காது குத்துறியா?" என்றார். "பாரத்தோட மேட்டுல ஏத்துங்க ஐயா, ஆகாசமே காதைப் பொத்திக்கும்" என்றேன்.

அதன் பிறகு டிரெய்லர் நிறையச் செங்கல் ஏற்றி ஐயாவே ஓட்டினார். அக்கா மகன் நிலையத்தில் இருந்தான். நான் பின்னால் நடந்தேன். கடை நெருங்கியதும் வண்டி விசிலடித்தது. மேகத்தில் ஓட்டை விழுந்தது. "இன்னைக்கு மாட்டினியா!" என்ற குரலும் ஒரு வாளித் தண்ணீரும் சேர்ந்தே வந்தன. பிறகுதான் தையல்காரம்மா தலை நிமிர்ந்து, "ஐயையோ, நீங்களுமா ஐயா?" என்றார்.

ஐயா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் அடிக்கலம்மா, வண்டி அடிச்சுது" என்றார். என் அக்கா மகன் முதல் நாளிலிருந்து சொல்லிவந்ததும் இதே வார்த்தைகள்தான் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மேற்கண்டவற்றில் மேகம் நீங்கலாக எல்லாம் உண்மை. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருந்தது. தாள் நனைந்திருப்பது என் கண்ணீரால் அல்ல, எழுதிக்கொண்ட ஐயாவின் சட்டைக்கையால்.

(ஒப்பம்)
புகை மாமா